பொடியன் கத்தினால் ரோசம், பெட்டை கேட்டால் வாய்

கேள்வி இதுதான். திருகோணமலையில் வலைப்பந்து ஆடும் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி கேட்கிறாள்: "பயிற்சிக்கு ஆண்கள் அணிக்குப் பின்னேரம் நாலு மணி, எங்களுக்கு மத்தியானம் ஒன்றரை. உபதலைவி என்ற முறையில் பொறுப்பாளரிடம் போய் நேரத்தை மாற்றித் தரச் சொன்னேன். 'உனக்கு வாய் கூடிப்போச்சு' என்றார். அதே கிழமை உதைபந்தாட்டத் தலைவன், கோல் கம்பத்து வலை கிழிந்து கிடக்கிறது என்று அவரிடம் சத்தம் போட்டான். 'தலைவனெண்டா இப்பிடித்தான் இருக்கோணும்' என்று அவனுடைய தோளில் தட்டினார். உலகம் முழுக்க இப்படித்தானா? இல்லை, நாங்கள்தான் எல்லாவற்றையும் ஆண், பெண் கணக்காகப் பார்க்கிறோமா? நான் மன்னிப்புக் கேட்கவேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லலாம்: வேண்டாம். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் இருந்து கதைக்கவேண்டும். நான் இருபத்தேழு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். வலைப்பந்துக்கு நடுவராக விசில் ஊதியவள். இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொற்களைப் பாருங்கள். பின்னேரம் ஏகாம்பரம் மைதானத்து மதிலோரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். நடுவரோடு சண்டை பிடிக்கும் பொடியனுக்கு நம்மிடம் எத்தனை பெயர்! ரோசக்காரன், துணிஞ்சவன், நியாயத்துக்கு நிக்கிறவன், கொஞ்சம் சூடானவன். எல்லாம் பாராட்டு, அல்லது பாராட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. அதையே ஒரு பிள்ளை செய்தால்? வாய்க்காரி, திமிர் பிடிச்சவள், அடங்காதவள், எடுப்புக்காரி. வாய்க்காரன் என்று யாரையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. 'ரோசக்காரி' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னவுடன் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவள்தான் நினைவுக்கு வருகிறாள். மைதானத்தில் நியாயம் கேட்கிற பெண்ணை நல்லபடியாகச் சொல்ல நாங்கள் அன்றாடம் புழங்குகிற சொல் ஒன்றுகூட இல்லை. ஆகவே அவள் வாயைத் திறக்கும்போதே தீர்ப்பு பாதி எழுதியாகிவிட்டது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. 1999 ஜனவரி 23, அடிலெய்ட். இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். நடுவர் ரொஸ் எமர்சன், முரளிதரன் விதிப்படி வீசாமல் பந்தை எறிகிறார் என்று சொல்லிக் கையை நீட்டினார். அர்ஜுன ரணதுங்க நடுவருக்கு முன்னால் வந்து விரலை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். அணியை எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டம் நின்றுபோனது. திரும்பி வந்த பிறகு எங்கே நிற்கவேண்டும் என்று நடுவருக்கே சொல்லிக் கொடுத்தார். இங்கிலாந்தின் 302 ஓட்டங்களை இலங்கை கடைசி விக்கெட்டில் தாண்டியது. எங்கள் வீட்டு ரீவிக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு பதினைந்து பேர் இருந்தோம். அது யுத்த காலம். சிங்களத் தலைவன் ஒருவன் தமிழ்ப் பந்துவீச்சாளனுக்காக இப்படி நிற்கிறானே என்பதில் எங்களுக்கு ஒரு தனி நெகிழ்ச்சி. என் தம்பி எழும்பி நின்று கைதட்டினான். ரணதுங்கவுக்கு அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட தடையும் கிடைத்தன. அது இன்றைக்கு யாருக்கு ஞாபகம்? விரல்தான் ஞாபகம். பிற்காலத்தில் அவர் அமைச்சரானார். துறைமுகங்களுக்கும் பிறகு பெற்றோலியத்துக்கும் பொறுப்பாக இருந்தார். துறைமுகமும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் உள்ள எங்கள் ஊர்க்காரருக்கு அந்த விரலை மறக்க வழியே இல்லை.

2023 ஜூலை, அதே வீடு, அதே தம்பி, வேறு ரீவி. டாக்காவின் மிர்பூரில் பங்களாதேஷுக்கு எதிராக இந்திய மகளிர் அணித் தலைவி ஹர்மன்ப்ரீத் கௌர் ஆட்டமிழந்ததும் துடுப்பால் விக்கெட்டை அடித்துச் சாய்த்தார். பரிசளிப்பின்போது நடுவர்களை வெளிப்படையாகக் குறை சொன்னார். ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தது. அவருக்கு இரண்டு ஆட்டத் தடையும் அபராதமும் விதித்தார்கள். தம்பி சொன்னது: "என்னதான் எண்டாலும் பொம்பிளைப் பிள்ளைக்கு இது வடிவில்லை."

நியாயமாகப் பார்த்தால் ஹர்மன்ப்ரீத் செய்தது பிழை. ரணதுங்க இன்னொருவனுக்காக நின்றார், இவர் தன் விக்கெட்டுக்காகக் கொதித்தார். அந்த வித்தியாசம் சின்னதல்ல என்று தம்பியும் வாதாடினான். சரி, அப்படியென்றால் இன்னொன்றை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூனில் அதே டாக்காவில் நடந்த கழக ஆட்டம் ஒன்றில் பங்களாதேஷ் வீரர் ஷகிப் அல் ஹசன் நடுவரோடு கோபித்து விக்கெட்டைக் காலால் உதைத்தார். பிறகு இன்னொரு முறை குச்சிகளைப் பிடுங்கியே எறிந்தார். மூன்று ஆட்டத் தடை, அபராதம். "ஷகிபுக்கு அப்ப என்ன சொன்னனீ?" என்று தம்பியைக் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அவன் அப்பிடித்தானே அக்கா."

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. தண்டனை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஷகிபுக்கு ஒரு ஆட்டம் கூடவே கிடைத்தது. ஆகவே, பெண்களுக்கு எப்போதும் கூடத் தண்டனை, ஆண்களுக்கு எப்போதும் மன்னிப்பு என்று சொன்னால் தோற்றுப்போவீர்கள். உங்களுடைய பொறுப்பாளரே நாலு உதாரணம் எடுத்து உங்களை மடக்கிவிடுவார். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. "அவன் அப்பிடித்தான்" என்றால் அது மன்னிப்பு. "அவள் அப்பிடித்தான்" என்றால் அது முத்திரை. சொல் ஒன்று, எழுத்து ஒன்றுதான் வேறு. ஆணுக்கு அது ஒரு நாளைச் சம்பவம், பெண்ணுக்கு அதுவே சுபாவம் ஆகிவிடுகிறது.

உலகம் முழுக்கப் பேசப்பட்ட டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் கதையையும் இந்தக் கண்ணால் பார்த்தால்தான் சரியாக விளங்கும். 2018 செப்டெம்பர் 8, அமெரிக்க ஓபன் இறுதி, எதிரில் நவோமி ஒசாகா. நடுவர் கார்லோஸ் ராமோஸ். காலரியில் இருந்த பயிற்றுநர் சைகை காட்டினார் என்று முதல் எச்சரிக்கை. செரீனா ரக்கெட்டை அடித்து உடைத்தார், ஒரு புள்ளி போனது. "என்னிடமிருந்து புள்ளியைத் திருடினீர், நீர் ஒரு திருடர்" என்ற பொருளில் நடுவரோடு வாக்குவாதப்பட்டார், ஒரு முழு கேமே போனது. ஒசாகா 6-2, 6-4 என்று வென்றார். வென்ற பிள்ளை பரிசு வாங்கும்போது அழுதுகொண்டு நின்றது. செரீனாவுக்கு 17,000 டொலர் அபராதம்.

உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஆண்கள் பலர் இதைவிட மோசமாகப் பேசியும் கேம் இழந்ததில்லை என்றது ஒரு பக்கம். ஜேம்ஸ் பிளேக், அன்டி ரொடிக் ஆகியோர் தாங்களே இதைவிடக் கெட்ட வார்த்தை பேசித் தப்பியதாக முன்வந்து சொன்னார்கள். மறு பக்கம், ராமோஸ் எல்லோருக்கும் கண்டிப்பானவர், நடாலையும் ஜோகோவிச்சையும் முர்ரேயையும் எச்சரித்தவர் என்றது. இரண்டும் உண்மை. ராமோஸ் விதியை மீறவில்லை. பயிற்றுநரே தான் சைகை காட்டியதை ஒத்துக்கொண்டார். கிராண்ட்ஸ்லாம் அபராதங்களை எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னதும் இதுதான்: ரக்கெட் உடைத்ததற்கு அபராதம் கட்டியவர்களில் ஆண்களே பல மடங்கு அதிகம். முன்னாள் டென்னிஸ் சாம்பியன் மார்ட்டினா நவ்ரதிலோவாவும் அப்போது எழுதினார். ஆண்கள் தப்பிக்கிறார்கள் என்பதற்காக நாமும் அந்த அளவுக்கு இறங்கவேண்டுமா என்பது அவர் கேட்டதன் சாரம். நவ்ரதிலோவா கேட்டால் அதில் எடை இருக்கிறது.

ஆனால் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஜோன் மெக்கன்ரோவைப் பாருங்கள். 1981 விம்பிள்டன் முதல் சுற்று. சுண்ணாம்புத் தூள் பறந்தது, பந்து உள்ளேதான் விழுந்தது என்று நடுவரைப் பார்த்து "You cannot be serious!" (நீர் உண்மையாகத்தான் சொல்கிறீரா!) என்று கத்தினார். அதே ஆண்டு கிண்ணத்தையும் வென்றார். வென்றவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கௌரவ உறுப்புரிமையை அந்தக் கழகம் அவருக்குக் கொடுக்கவில்லை. 1990 அவுஸ்திரேலிய ஓபனில் வாய்க்காகவும் ரக்கெட்டுக்காகவும் ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேற்றப்பட்டார். தண்டனை இல்லாமல் இல்லை! அதன் பிறகு என்ன நடந்தது? அந்தக் கத்தலே அவருடைய விலாசமானது. விளம்பரத்தில் வந்து அதே வசனத்தைச் சொல்லிக் காசு வாங்கினார். தன் சுயசரிதைக்கு அதையே தலைப்பாக வைத்தார். ரீவியில் வர்ணனையாளராக உட்கார்ந்தார். கோபம் அவருக்குப் பிற்காலத்தில் ஓய்வூதியமாக வந்துகொண்டிருந்தது என்றுகூடச் சொல்லலாம். செரீனாவுக்கோ, ஆட்டம் முடிந்த இரண்டாம் நாளே ஓர் அவுஸ்திரேலியப் பத்திரிகை அவரைத் தடித்த உதட்டோடு ரக்கெட்டின் மேல் துள்ளும் குழந்தையாகக் கேலிச்சித்திரம் போட்டது. மெக்கன்ரோவின் கோபத்தை வரைந்தவர்கள் அவருடைய சுருட்டை முடியை வரைந்தார்கள். செரீனாவின் கோபத்தை வரைந்தவர் அவருடைய உடம்பையும் இனத்தையும் வரைந்தார்.

இப்போது என் கடன்.

சில வருடங்களுக்கு முன், பாடசாலை மட்டப் போட்டி ஒன்று. எந்தப் பாடசாலை, எந்த வருடம் என்பது வேண்டாம். வலைப்பந்துத் திடலுக்குப் பக்கத்திலேயே பொடியன்களின் உதைபந்தாட்டமும் நடந்துகொண்டிருந்தது. வலைப்பந்தில் ஒரு விதி இருக்கிறது. பந்து வைத்திருப்பவளின் காலிலிருந்து தடுக்கிறவளின் கால் மூன்று அடி தள்ளி இருக்கவேண்டும், கணக்காகச் சொன்னால் 0.9 மீற்றர். அதைவிடக் கிட்ட நின்று கையைத் தூக்கினால் தடை என்று ஊதவேண்டும். மெலிந்த பிள்ளை ஒருத்தி, ஜி.டி. (கோல் தடுப்பாளர்) எழுத்துப் போட்ட மேற்சட்டை, இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள். மூன்றாவது கால்பகுதியில் அவளுக்கு இரண்டு முறை ஊதினேன். மூன்றாம் முறை ஊதியதும் அவள் அசையவில்லை. காலை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, கையால் நிலத்தைக் காட்டிச் சொன்னாள்: "ரீச்சர், மூண்டு அடி இருக்கு. அளந்து பாருங்கோ."

கெட்ட வார்த்தை இல்லை. குரல்கூட உயரவில்லை. ஆனால் சுற்றி நின்ற பெற்றோர் சிரித்தார்கள். "அளந்து பாருங்கோ" என்பது எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எச்சரித்தேன். "அளந்தாத் தெரியும்தானே ரீச்சர்" என்றாள். இரண்டு நிமிடம் வெளியே இருத்தினேன். விதியில் அதற்கு இடம் இருக்கிறது, நான் விதியை மீறவில்லை. ராமோஸும் மீறவில்லை என்று சொன்னேனே, அது இதனால்தான் எனக்கு நன்றாக விளங்கும்.

அந்த இரண்டு நிமிடத்துக்குள்ளேயே பக்கத்துத் திடலில் ஒரு பொடியன், ஓவ்சைட் கொடுத்த நடுவரைத் துரத்திக்கொண்டு வந்து நெஞ்சுக்கு நெஞ்சு நின்று கத்தினான். மஞ்சள் அட்டை. சட்டையைக் கழற்றி நிலத்தில் அடித்தான். எங்கள் பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மேசையில் புள்ளி எழுதிக்கொண்டிருந்த ரீச்சரிடம் நான் என் வாயாலேயே சொன்னேன்: "ரோசக்காரப் பொடியன், என்ன?"

ஆட்டம் முடிந்ததும் மறு பக்கத்து நடுவர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "மூண்டாவது விசில், தூரம் சரியாத்தான் இருந்தது அக்கா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பிள்ளையின் தாய் வந்தார். கையில் சோடாப் போத்தல். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர், இவளுக்குக் கொஞ்சம் வாய் கூட. வீட்டையும் இப்பிடித்தான்." பிள்ளை பின்னால் நின்று சப்பாத்து நாடாவைக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் நான் "இல்லை அம்மா, பிழை என்னுடையது" என்று சொல்லியிருக்கலாம். சோடாவை வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வருடம் அவளுடைய அணி வந்தது, அவள் வரவில்லை. கேட்டேன். "அப்பா வேண்டாமெண்டுட்டார் ரீச்சர், அங்க போய் வாய் காட்டுறாளாம்." அந்தப் பொடியன்? அடுத்த வருடம் அவன்தான் அணித் தலைவன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த உண்மையான பதில் இதற்குள்தான் இருக்கிறது. மைதானத்துத் தண்டனை இரண்டு நிமிடம். அது இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நம்மூரில் ஒரு பெண் பிள்ளை விளையாடுவது அவளுடைய உரிமை என்று யாரும் நினைப்பதில்லை. அது வீட்டார் கொடுத்த அனுமதி. சாதாரணதரப் பரீட்சை வருகிறது என்றால் ரத்தாகும். சாமத்தியப்பட்டால் கொஞ்ச நாள் ரத்தாகும். வெளி மாவட்டத்துக்குப் போய் இரவு தங்கவேண்டும் என்றால் யார் கூடப் போகிறது என்று ஒரு மாநாடே நடக்கும். இத்தனையையும் தாண்டி அவள் திடலில் நிற்பதே "நல்ல பிள்ளை, தொந்தரவு இல்லாத பிள்ளை" என்ற பெயரால்தான். அந்தப் பெயர்தான் அவளுடைய நுழைவுச்சீட்டு. வாயைத் திறந்த அன்றைக்கு அந்தச் சீட்டுக் கிழிகிறது. பொடியனுக்கு அப்படி ஒரு சீட்டே தேவைப்படுவதில்லை. அவன் கோபித்தால் ஆட்டத்தை இழப்பான், விளையாட்டை இழப்பதில்லை.

வலைப்பந்து பிறந்த கதையிலேயே இது இருக்கிறது என்பதையும் ஒரு பக்கமாகச் சொல்லிவைக்கிறேன். கூடைப்பந்தை இங்கிலாந்தில் பெண்களுக்கு என்று மாற்றி அமைத்ததுதான் இது, 1890களில். நீளப் பாவாடை, பந்தோடு ஓடக்கூடாது, இடிக்கக்கூடாது, அவரவர் கட்டத்துக்குள் நிற்கவேண்டும். அதன் சர்வதேச விதிகளை ஒன்றாக்குவதற்குப் பல நாட்டவர் கூடிய இடம் எது தெரியுமா? நம்முடைய இலங்கைதான், 1960இல். அடக்கமான பிள்ளைகளுக்கான ஆட்டம் என்றுதான் பாடசாலைகளும் அதை விரும்பின. விதிப் புத்தகம் எவ்வளவோ மாறிவிட்டது. நடுவர்களின் காது இன்னும் மாறவில்லை, என்னுடையதும் சேர்த்து.

சுசந்திகா ஜயசிங்கவை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் டங்கன் வைட்டுக்குப் பிறகு இலங்கைக்கு ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்த ஒரே ஆள். 2000 சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம். அதில் முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டபின் அது வெள்ளியானது. கிராமத்துப் பிள்ளை, மனதில் பட்டதை அப்படியே சொல்கிற வாய். தனக்கு அதிகாரத்தில் இருந்தவர்களால் நேர்ந்த தொல்லைகளைச் சிட்னிக்கு முன்பும் பின்பும் வெளிப்படையாகச் சொன்னார். 2017இல் பணக் கஷ்டத்தில் பதக்கத்தை விற்கப்போகிறேன் என்று அறிவித்தார். அன்றைக்கு எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் நடந்த கதையைச் சொல்கிறேன். "நாட்டின்ர மானம் போச்சு", "இவவுக்கு எப்பவும் ஒரு பிரச்சினைதான்". ரணதுங்க கிரிக்கெட் சபையோடு வருடக்கணக்காகச் சண்டை பிடித்தபோது அதே ஓய்வறையில் "மனுசன் பயப்பிடாமல் சொல்லுது" என்றுதான் கேட்டேன். இரண்டு பேரும் சொன்னது ஏறக்குறைய ஒரே விஷயம்: மேலே இருப்பவர்கள் விளையாட்டைக் கெடுக்கிறார்கள். ஒருவருடையது சாட்சியம் ஆனது, மற்றவருடையது புலம்பல் ஆனது.

தர்ஜினி சிவலிங்கம் இதற்கு மறுபக்கம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 208 சென்ரிமீற்றர் உயரம், 2011 உலக வலைப்பந்துப் போட்டியில் சிறந்த கோல் எறிபவர், பிறகு அவுஸ்திரேலியக் கழகங்களிலும் ஆடியவர். சின்ன வயதில் தன் உயரத்தைப் பார்த்துச் சனம் சிரித்ததை அவரே சொல்லியிருக்கிறார். நாங்கள் அவரை மிகவும் நேசிக்கிறோம். ஏன் நேசிக்கிறோம் என்று என்னை நானே கேட்டபோது வந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை: அமைதியானவர் என்பதற்காகவும் கூடத்தான். அவர் நாளைக்கே நடுவரைப் பார்த்து "அளந்து பாருங்கோ" என்றால் அந்த நேசத்தில் எவ்வளவு மிஞ்சும்?

வாய்க்குத் தண்டனை என்பது ஒரு பக்கம். எதைப் பேசவைக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம். 2017 உலகக் கிண்ணத்துக்கு முன் இந்திய மகளிர் கிரிக்கெட் அணித் தலைவி மித்தாலி ராஜிடம் உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்டார்கள். ஆண் வீரரிடம் போய், உமக்குப் பிடித்த பெண் வீராங்கனை யார் என்று கேட்பீரா என்று திருப்பிக் கேட்டார். 2016இல் இந்திய டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்ஸாவிடம் எப்போது குடும்பம், குழந்தை என்று நிலைகொள்ளப்போகிறீர்கள் என்று ரீவியில் கேட்டார் ஊடகவியலாளர் ராஜ்தீப் சர்தேசாய். உலக இரட்டையர் முதலிடத்தில் இருப்பவளைப் பார்த்தா நிலைகொள்ளவில்லை என்கிறீர்கள் என்ற பொருளில் சானியா கொடுத்த பதிலுக்கு அவர் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டார், ஓர் ஆணிடம் இதைக் கேட்டிருக்கமாட்டேன் என்றும் ஒத்துக்கொண்டார். கேட்ட மனிதர் ஒத்துக்கொண்டதால் இது அழகாக முடிந்தது. நம்மூரில் கேட்கிறவர் பெரும்பாலும் மாமாவாகவோ கிராம சேவகராகவோ இருப்பார். அங்கே திருப்பிக் கேட்டால் முடிவு வேறு.

"அப்ப ஆண்கள் பேசிப் பாதிக்கப்படவில்லையா?" என்று ஒருவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். முகமது அலி 1967இல் வியட்நாம் யுத்தத்துக்குப் போகமாட்டேன் என்றதும் பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை வருடம் அவர் ஒரு தொழில்முறைச் சண்டைகூடப் போடவில்லை. அமெரிக்கன் ஃபுட்போல் வீரர் கொலின் கேப்பர்னிக் 2016இல் தேசிய கீதத்தின்போது முழங்காலிட்டார், அந்தப் பருவத்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. ஆண் என்பதால் அவர்கள் தப்பவில்லை. ஆனால் அவர்களைத் திட்டியவர்கள் என்ன சொல்லித் திட்டினார்கள்? தேசத்துரோகி, கொடியை அவமதித்தவன். அதாவது சொன்ன விஷயத்தைத் திட்டினார்கள். பெண்ணைத் திட்டும்போது விஷயத்துக்கு வரவே மாட்டார்கள். குரல், முகபாவம், "ஏன் இப்ப சொல்லுறாய்", "உன்னை ஆர் தூண்டினது". டெல்லியில் மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகட்டும் சாக்ஷி மாலிக்கும் 2023இல் மல்யுத்த சம்மேளனத் தலைவர் மேல் பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு வைத்துத் தெருவில் உட்கார்ந்தபோது கூடவே மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியாவும் உட்கார்ந்திருந்தார். மூவரையும் பொலிஸ் பிடித்தது. "இவ்வளவு நாளும் ஏன் வாய் மூடி இருந்தீர்கள்" என்ற கேள்வி மட்டும் பெண்களுக்கே போனது. வாய் திறந்தால் ஏன் திறந்தாய், மூடியிருந்தால் ஏன் மூடியிருந்தாய்! எந்த நேரம்தான் திறப்பது?

பெண்களே பெண்களை இப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. என் கதையில் நடுவர் பெண், மன்னிப்புக் கேட்ட தாய் பெண், சிரித்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். மகளின் பெயர் கெட்டால் மகள் வீட்டோடு நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். மகளைத் திடலில் வைத்திருக்கத்தான் அவர் மன்னிப்புக் கேட்டார். அது பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பொறுப்பாளரிடம் போய் "நீங்கள் ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு பார்க்கிறீர்கள்" என்று சொல்லாதீர்கள். உண்மைதான், ஆனால் கதை மறுபடியும் உங்கள் வாயைப் பற்றியதாக மாறிவிடும், நேரம் மாறாது. ஒரு கடிதம் எழுதுங்கள். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் மத்தியானம் ஒன்றரைக்குச் சீமெந்துத் திடல் எப்படிக் கொதிக்கும் என்று எழுதுங்கள். சென்ற மாதம் எத்தனை பேர் தலைச்சுற்று வந்து உட்கார்ந்தார்கள் என்று திகதி போட்டு எழுதுங்கள். கிழமையில் இரண்டு நாள் நாலு மணி எங்களுக்கு, மூன்று நாள் அவர்களுக்கு என்று நீங்களே ஒரு நேரசூசியைப் போட்டுக் கொடுங்கள். மறுக்கிறவர் எழுத்தில் மறுக்கட்டும். கடிதத்தில் 'தயவுசெய்து' ஒரு முறை போதும், 'மன்னிக்கவும்' ஒரு இடத்திலும் வேண்டாம். உபதலைவி தனியாகக் கையெழுத்து வைத்தால் அது உங்கள் வாய். பன்னிரண்டு பேரும் வைத்தால் அது அணியின் கடிதம். பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மாவுக்கும் முன்கூட்டியே வாசித்துக் காட்டுங்கள். வேறு யாராவது போய் வேறு மாதிரிச் சொல்வதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

பதின்மூன்றாவது கையெழுத்துக்கு உதைபந்தாட்டத் தலைவனிடம் போங்கள். கிழிந்த வலைக்குச் சத்தம் போட்டவன், இதற்குப் பேனையை எடுக்கிறானா என்று பார்ப்போம்.